யெஃப்ரேமின் இடக்கை

1996 அக்டோபர் கடைசி வாரத்தில், சைபீரியாவின் கீழ்த் துங்குஸ்கா ஆற்றில் கலக்கும் உல்லக்கான் என்ற சிற்றாற்றின் முகத்தில், மெல்லிய பனிக்கட்டி உடைந்து யெஃப்ரேம் என்ற எவெங்கி இனத்து வேட்டைக்காரர் இறந்தார். வயது நாற்பத்தொன்று. உடல் மறுநாளே கிடைத்தது.

இதற்கு மேல் உள்ளதெல்லாம் கவ்ரீல் சொல்லிக் கேட்டது. கவ்ரீல் ஊர்க் கொதிகலன் அறையில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர். மின்சாரம் நின்றுபோன இரவுகளில் ஊரில் சூடு மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான். சாக்குகளின் மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். கறுப்புத் தேநீர் கைமாறும். கவ்ரீலின் பழைய கூட்டாளி செம்யோன். செம்யோனின் தங்கை அகாஃபியா, யெஃப்ரேமின் மனைவி. யெஃப்ரேமின் அக்காவைக் கட்டி, அவளும் போய்ச்சேர்ந்த பிறகு தனியாக இருந்தவர் நிகிஃபோர். கதை நிகிஃபோருக்கு நடந்தது.

மாலை நாலு மணி என்றுதான் கவ்ரீல் எப்போதும் தொடங்குவார்.

மாலை நாலு மணி. டிசம்பர். அங்கே அந்த நேரத்துக்கு நல்ல இருட்டு. உல்லக்கான் கரையோரமாக ஒற்றைப் பனிச்சறுக்கு வழி. இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த லார்ச் மரங்கள், கம்பி கம்பியாய். காற்று இல்லை. நிகிஃபோர் போய்க்கொண்டிருந்தார்... நின்றார்.

வாசனை.

அந்தக் குளிரில் எதற்கும் வாசனை கிடையாது. மீனுக்கு இல்லை. நாய்க்கு இல்லை. சொந்த வியர்வைக்கே இல்லை. ஆனால் அங்கே பிசின் மணந்தது. பச்சையாக... இப்போதுதான் யாரோ லார்ச் குச்சியைச் சீவிப் போட்டதுபோல.

"மரம் வெடிச்சிருக்கும்ணே," என்றான் தீமோன். டிராக்டர் ஓட்டுகிறவன். எந்தக் கதை ஓடினாலும் நடுவில் ஒரு கல்லைப் போடாமல் அவனுக்கு இருப்புக் கொள்ளாது.

"வெடிக்கும். வெடிச்சா துப்பாக்கி மாதிரி சத்தம் கேக்கும். கேட்டுச்சுன்னா நான் சொல்ல மாட்டனா? டீயக் குடிடா."

சத்தம் எதுவும் கேட்கவில்லை.

நிகிஃபோர் அந்த வழியில் இருந்திருக்கவே கூடாது. அது யெஃப்ரேம் பொறி வைத்த வழி. நிகிஃபோருடைய சொந்த வழி இரண்டு கோடைக்கு முன் தீப்பிடித்துக் கரிந்துபோயிருந்தது. கரிந்த காட்டில் சேபிள் தங்காது. கீரி அளவு மிருகம்தான் சேபிள். ஆனால் அதன் கறுத்த மென்மயிர்த் தோலுக்காகத்தான் அந்த ஊர் ஆட்கள் குளிர்காலம் முழுக்கக் காட்டில் கிடக்கிறார்கள். யெஃப்ரேமின் வழியில் சேபிளுக்குக் குறைவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து நிகிஃபோருக்கு வயிறு எரிந்திருந்தது.

இனி அந்த வழி யாருக்கு என்பது வசந்தத்தில், வேட்டைக்காரர்கள் கூடும்போது முடிவாகும். அகாஃபியாவும் வேட்டைக்காரிதான். நியாயப்படி அவளுக்கு வரவேண்டியது. ஆனால் புருஷன் செத்த குளிர்காலத்தில் மனைவி அவன் வழியில் கால் வைப்பதில்லை. அந்த ஒரு குளிர்காலம் போதும் என்று நிகிஃபோர் நினைத்தார். ஒரு மூட்டைத் தோலோடு போய்க் கூட்டத்தில் நின்றால் வழி அவருக்குத்தான். நிற்காவிட்டால், காடு அவரைவிட்டுப் போனது போனதுதான்.

"அப்புறம் எங்கூட வந்து கரி அள்ள வேண்டியதுதான்," என்பார் கவ்ரீல், தன் கைகளைப் பார்த்தபடி. யாரும் சிரிப்பதில்லை.

தவறு அடக்கம் நடந்த அன்றே தொடங்கிவிட்டது. செத்தவரின் கத்தியை முனை ஒடித்து, துணியில் சுற்றி, குழிக்குப் பக்கத்து மரத்தில் கட்டுவது அங்கத்து வழக்கம். இங்கே ஒடித்தால்தான் செத்தவர் போன இடத்தில் அது முழுசாகும். அதைச் செய்ய வேண்டியவர் உறவில் நெருங்கின ஆண்பிள்ளை. நிகிஃபோர் செய்தார். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று ஒடித்தார், சுற்றினார், கட்டினார். ஆனால் அவர் கட்டியது யெஃப்ரேமின் கத்தியை அல்ல. தன்னுடையதை.

நிகிஃபோரின் கத்தி வாயில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கடமான் எலும்பில் பட்டுப் பெயர்ந்தது. அதனால் எதைச் சீவினாலும் வெட்டின முகத்தில் நூல்போல் ஒரு மேடு ஓடும். விறகுக்குப் பரவாயில்லை. பொறிக்கு அது ஆகாது.

அவர்கள் வைப்பது கட்டைப் பொறி. ஆள் தூக்கத் திணறும் கட்டை ஒன்றைச் சாய்த்து நிறுத்துவார்கள். அதன் கனம் முழுவதும் விரல் நீளக் குச்சியின் நுனியில், நகக்கண் அளவு வெட்டில் தாங்கி நிற்கும். அந்தக் குச்சிக்குப் பெயர் நாக்கு. அடியில் தீனி. மிருகம் தீனியை இழுத்தால் நாக்கு நழுவும்... கட்டை இறங்கும். நாக்கை யார் சீவினாரோ மிருகம் அவருடையது. கட்டையை யார் வெட்டினார், யார் சுமந்தார் என்பதெல்லாம் கணக்கில்லை.

யெஃப்ரேம் சீவின நாக்கு மூச்சுப் பட்டால் நழுவும் என்பார்கள். நிகிஃபோருடையது முக்கி முனகி நிற்கும். ஒருமுறை ஆற்றங்கரைத் தீயைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது யெஃப்ரேம் அதை எடுத்துக் காட்டினார்.

"மச்சான், உன் நாக்குல மயிர் மொளைச்சிருக்கு பாரு. சேபிளு வந்து பாத்துட்டு, மொதல்ல சவரம் பண்ணுய்யான்னு சொல்லிட்டுப் போவுது."

"கத்தி வாய் பேந்துருக்கு மாப்ள."

"கத்திக்கா? ஒனக்குப் பொறுமை பேந்துருக்கு. மொதல்ல திங்க விடணும். கட்டைக்கு முட்டுக் குடுத்து நிறுத்து. விழாது. தீனிய வை. வரும், திங்கும், போவும். மறுபடி வை. பயம் விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சப்புறம் முட்ட எடுத்துட்டு நாக்கச் செருகு. நீ மொத நாளே கொல்லணும்ங்கிற."

தீயைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நிகிஃபோரும் சிரித்தார். மறக்கவில்லை.

கத்தியில்தான் விஷயம் இருக்கிறது என்று அவர் நம்பினார். பழைய கொல்லன் அடித்த கத்தி, பிர்ச் மரக்கணுவில் கைப்பிடி. அது இருந்தால் கை தானாக வரும். ஆனால் ஒன்றை அவர் யோசிக்கவில்லை. அங்கத்துக் கத்திகளுக்கு ஒரு பக்கம்தான் சாணை. வலக்கைக்காரனுக்கு ஒரு பக்கம், இடக்கைக்காரனுக்கு மறுபக்கம். யெஃப்ரேம் இடக்கை.

அகாஃபியா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆள் செத்தால் அவன் பொறிகளை உறவில் ஒருவர் போய் இறக்கிவிட வேண்டும். நாக்கை உருவி ஒடித்துவிட்டு, கட்டையைத் தரையில் படுக்க வைக்க வேண்டும். நிகிஃபோர் காட்டுக்குப் போனார், ஒரு வாரம் இருந்தார், வந்தார்.

"எல்லாத்தையும் இறக்கிட்டேம்மா. ஒண்ணு பாக்கி இல்ல."

"புண்ணியமாப் போச்சுண்ணே," என்றாள் அகாஃபியா. "நின்னுட்டிருந்தா அந்த மனுசன் பாத்துட்டுப் போகலாம்னு வருவாருல்ல. வந்தா சும்மாவும் போக மாட்டாரு." மானிறைச்சி வேகவைத்துப் போட்டாள். அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒன்றைக்கூட அவர் இறக்கியிருக்கவில்லை. யெஃப்ரேமின் நாக்குகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தான் சீவிய நாக்குகளை வைத்துவிட்டு வந்திருந்தார். இனி விழும் மிருகம் தன்னுடையது.

எதுவும் விழவில்லை. கத்தி வலக்கையில் நிற்கவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் மரத்துக்குள் ஆழப் பாய்ந்தது, அல்லது மேலே வழுக்கியது. நவம்பர் முழுக்க வெறும் பொறிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குப் பிறகுதான் அந்த டிசம்பர் மாலை, அந்தப் பிசின் வாசனை.

டார்ச் விளக்கை அடித்தார். வழியைவிட்டு ஒதுங்கி, மரங்களுக்கு நடுவில் ஒரு பொறி. அந்த இடத்தில் பொறி இருந்ததே இல்லை. கட்டை விழவில்லை. கவைக்கொம்பு ஒன்று முட்டுக் கொடுத்து அதை நிறுத்தியிருந்தது. அடியில் ஒரு சேபிள். செத்து, விறைத்து... ஆனால் நசுங்கவில்லை. கிடந்தது என்று சொல்ல முடியாது. யாரோ வைத்தது.

நாக்கு பொறியில் இல்லை. பக்கத்து மரத்தின் பட்டையில் செருகியிருந்தது. உருவிப் பார்த்தார். புதுசு. வெட்டு இடப்பக்கமிருந்து சரிந்தது. சீவின விதம் படுமோசம்... பழக்கமில்லாத கத்தியோடு மல்லுக்கட்டினதுபோல. வெட்டின முகத்தில் நூல்போல் ஒரு மேடு.

சுற்றிலும் பனியில் அவருடைய சுவடு மட்டும்தான்.

"எடுத்தாரா?" என்றான் தீமோன்.

"நீயா இருந்தா?"

நிகிஃபோர் எடுத்தார். கறுத்த, முதல்தர மிருகம். எவனோ திருட்டு வேட்டைக்காரன் வைத்தது, சுவட்டைப் பனி மூடிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு நாளாகப் பனி பெய்யவில்லை.

அன்று இரவு வேட்டைக் குடிசையில் படுத்திருந்தார். அடுப்பு அடங்கிவிட்டது. வெளியே, சுவரை ஒட்டி, தாழ்வாக ஒரு சத்தம்.

சர்ர்ர்... டிக். சர்ர்ர்... டிக்.

கத்தி மரத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் ஒரே இடத்தில் இடறுகிறது. அந்த இடறல் அவருக்குத் தெரியும். எத்தனையோ வருடம் அவர் கைக்குள் இருந்த இடறல். கதவைத் திறக்கவில்லை. விடிந்தபின் திறந்தார். வாசற்படியில் கொஞ்சம் சீவல்கள். சுருள்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சுருண்டிருந்தன.

அடுத்த பொறி இன்னும் உள்ளே, காட்டு ஓடை ஒன்றின் மேல்கட்டில் இருந்தது. அதிலும் முட்டு. அதிலும் ஒரு சேபிள். அதற்கடுத்தது இன்னும் தள்ளி. கட்டை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தடித்துக்கொண்டே போனது. நாக்கு கொஞ்சம் திருந்திக்கொண்டே வந்தது. நூல் மேடு மட்டும் மாறவில்லை. முதல் பொறியருகே அவர் வெகுநேரம் தயங்கி நின்றிருந்தார். பிறகு வந்தவற்றில் குனிந்தார், எடுத்தார், போனார். பை நிறைந்தது. புத்தாண்டுக்கு ஊர் வந்தார்.

அகாஃபியா வீட்டில்தான் சாப்பாடு. உறைந்த மீனை மெல்லிசாய்ச் சீவி உப்பும் மிளகும் தொட்டுத் தின்பார்கள். மீனைச் சீவ நிகிஃபோர், யோசிக்காமல், இடுப்பிலிருந்து கத்தியை உருவினார்.

அவள் கைப்பிடியைப் பார்த்தாள். மீனைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கத்தி யாருதுண்ணே?"

"இது... வாங்கினதும்மா."

"யாரு விப்பா அதை? நான் பாத்து வளந்த பிர்ச் மரத்துலேர்ந்து நான் வெட்டிக் குடுத்த கணு அது. எங்கிட்டயே வாங்கினேன்னு சொல்றீங்க."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வேறு வழியில்லை. கோட்டுப் பையிலிருந்து அந்த நாக்குகளை எடுத்து மேசையில் போட்டார். அவள் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினாள். விரல் நூல் மேட்டில் இடறி நின்றது.

"இது ஒங்க கத்தி வெட்டினது."

"ஆமா."

"அது அங்க கல்லறை மரத்துல கட்டியிருக்கு."

"ஆமாம்மா."

"கட்டை? முட்டுக் குடுத்திருந்துச்சா, நாக்குல நின்னுச்சா?"

"முட்டுதான். எல்லாத்துலயும் முட்டு."

அகாஃபியா எழுந்து அடுப்புக் கதவைத் திறந்தாள். ஒரு துண்டு கொழுப்பைத் தீயில் போட்டாள். அது பொரிந்து அடங்கும்வரை திரும்பவில்லை.

"அண்ணே... அவரு ஒங்களுக்குத் தீனி வெச்சிட்டிருக்காரு."

கொதிகலன் அறையில் இந்த இடத்தில் கவ்ரீல் தேநீரை ஒரு வாய் குடிப்பார். குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

அவள் சொன்னது இவ்வளவுதான்: திரும்பிப் போக வேண்டும். ஒன்று விடாமல் இறக்க வேண்டும். யெஃப்ரேமின் கத்தியை ஒடித்துக் கல்லறை மரத்தில் கட்ட வேண்டும். "வழியில எது கெடந்தாலும் குனியாதீங்க. எவ்வளவு கறுப்பா இருந்தாலும். ஒங்க கை தானா நீளும். மடக்கிக்குங்க."

நிகிஃபோர் தலையாட்டினார். பிறகு கேட்டார்: "இந்தத் தோலெல்லாம்?"

"எடுத்துட்டுப் போய் வழியக் கேளுங்க," என்றாள் அகாஃபியா. "எம் புருசன் வெச்ச தீனியக் காட்டி எம் புருசன் வழியக் கேளுங்க. வெக்கம்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒங்களுக்கு." தட்டை எடுத்து மிச்சத்தை நாய்க்குக் கொட்டினாள்.

ஜனவரி தொடக்கத்தில் அவர் போனார். இரண்டு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டியவர் மாதக் கடைசி ஆகியும் வரவில்லை. தேடப் போக வேறு யாரும் இல்லை. அந்த வழி பழக்கமானவள் அகாஃபியா ஒருத்திதான். வழக்கத்தை மீறி அவளே கிளம்பினாள். துணைக்கு அண்ணன் செம்யோன். அவர்கள் பார்த்ததைச் செம்யோன் கவ்ரீலிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். மறுபடி கேட்டபோது எழுந்து போய்விட்டார்.

காற்றில்லாத பள்ளத்தாக்கு அது. அந்த மாதம் புதுப்பனியும் பெய்திருக்கவில்லை. சுவடு அப்படியே இருந்தது, படிக்கலாம்.

நிகிஃபோர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். யெஃப்ரேமின் பொறிகள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. நாக்குகள் ஒடிந்து பக்கத்தில் கிடந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை. சுத்தமான வேலை. கடைசிப் பொறியிலிருந்து கல்லறைக்குப் போகும் பக்கம் சுவடு திரும்பியிருந்தது. கொஞ்ச தூரம் போய்... விலகி, ஓடையின் மேல்கட்டுக்குப் போனது.

அங்கே பெரிய லார்ச் தண்டு ஒன்று தரையில் அமர்ந்திருந்தது. கரடிக்கு வைக்கும் அளவு. செம்யோனும் அவளும் சேர்ந்து நெம்பியும் அது அசையவில்லை. சுற்றிலும் வெட்டின அடிமரம் இல்லை. ஒரு மரச்சிராய்கூட இல்லை. நிகிஃபோரின் சுவட்டைத் தவிர வேறு சுவடும் இல்லை.

அந்தச் சுவட்டில் ஒன்று இருந்தது. முதலில் பொறியின் எதிரே வந்து நின்றிருக்கிறார். வெகுநேரம். பனிச்சறுக்குப் பலகைக்கு அடியில் பனி இளகி மறுபடி இறுகும்வரை. பிறகு திரும்பியிருக்கிறார். நல்ல வேகத்தில், எட்டி எட்டி வைத்து, ஓடைக்கரை வரை போயிருக்கிறார். அங்கே ஒருமுறை நின்றிருக்கிறார்.

அங்கிருந்து திரும்பி வந்திருக்கிறார்.

தண்டுக்கு அடியிலிருந்து நிகிஃபோரின் வலது கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. கையுறையைக் கழற்றியிருந்தார். விரல்களுக்குள் ஒரு சேபிள். அவ்வளவு கறுப்பை அந்த வழியில் தான் பார்த்ததே இல்லை என்றாராம் செம்யோன்.

அகாஃபியா பனியைக் கிளறி நாக்கைத் தேடி எடுத்தாள். இடப்பக்கச் சரிவு, ஒரே இழுப்பில் வெட்டினது. கட்டைவிரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. நூல் மேடு இல்லை.

இன்னொரு முறை தடவினாள். பிறகு தண்டை ஒட்டிக் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, நிகிஃபோரின் இடுப்பிலிருந்த உறையிலிருந்து கத்தியை உருவினாள்.

வாய் பெயர்ந்த கத்தி. முனை ஒடிந்தது. அக்டோபரில் அவரே ஒடித்துக் கல்லறை மரத்தில் கட்டியது.

திரும்பும்போது கல்லறைக்குப் போனார்கள். துணிப் பொட்டலம் கட்டின இடத்திலேயே தொங்கியது. முடிச்சின் மேல் அந்தக் குளிர்காலத்துப் பனி முழுசும் கலையாமல் இருந்தது. அகாஃபியா தட்டிவிட்டு அவிழ்த்தாள். அவள் வெட்டிக் கொடுத்த பிர்ச் கணுக் கைப்பிடி. முனை ஒடிந்திருந்தது. மறுபடி சுற்றி, அதே கிளையில் கட்டினாள்.

"அழுதாளாண்ணே?" என்றான் தீமோன்.

"எதுக்கு? யாருக்கு?" கவ்ரீல் எழுந்து உலை வாயைத் திறந்து இரண்டு மண்வெட்டி கரி போட்டார்.

மரம் விழுந்து இறந்ததாக அதிகாரிகள் முடிவு செய்தார்கள். வசந்தத்தில் அந்த வழி அகாஃபியாவுக்குக் கிடைத்தது. அவள் அங்கே இரும்புப் பொறிகள் மட்டும் வைக்கிறாள். சில வருடம், டிசம்பரில், வழியோரம் ஒரு கட்டை முட்டுக் கொடுத்து நிற்கும். அடியில் எது இருந்தாலும் அவள் எடுப்பதில்லை.